சிட்டு போடாத ஓட்டு

முதலில் என் பீரியடைத்தான் பிடுங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் எதற்கு நேரம் போதவில்லை என்றாலும் விளையாட்டு ஆசிரியரின் தலையில்தான் கை வைப்பார்கள். கணக்குப் பாடம் முடியவில்லையா, பி.டி. பீரியடை எடுத்துக்கொள். ஆண்டு விழா ஒத்திகையா, பி.டி. பீரியட். பல் டாக்டர் வந்து பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்க்க வேண்டுமா, அதுவும் என் பீரியடில்தான். இத்தனை வருடத்தில் எனக்கு இது பழகிப் போயிருக்கும் என்று சக ஆசிரியர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பழகவில்லை. ஒவ்வொரு முறையும் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

இந்த முறை குடிமையியலுக்காக. நாடு முழுக்க இளைஞர்களிடம் ஏதோ கணக்கெடுப்பு நடத்தினார்களாம். அரசியலமைப்பின் முகவுரையைப் பலர் கடகடவென்று ஒப்பித்தார்களாம். அதற்கு அர்த்தம் என்ன என்று கேட்டதும் திருதிருவென்று விழித்தார்களாம். நாட்டை உண்டாக்கியவர்கள் எதை நம்பி உண்டாக்கினார்கள் என்பதே அடுத்த தலைமுறைக்குத் தெரியாமல் போய்விடும் என்று மேலே இருப்பவர்கள் கவலைப்பட்டார்கள். வாரத்துக்கு இரண்டு பீரியட் குடிமையியல் கட்டாயம் என்று உத்தரவு வந்தது. எங்கள் தலைமையாசிரியை நேர அட்டவணையை மேஜையில் விரித்து வைத்து, பென்சிலால் தலையைச் சொறிந்து, கடைசியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க."

"நினைக்கல மேடம். எடுத்துக்குங்க. கழுத்துல தொங்குற இந்த விசிலையும் வேணும்னா எடுத்துக்குங்க."

குடிமையியலுக்குப் புதிதாக ஓர் இளம் ஆசிரியை வந்தார். வந்த மறுநாளே ஸ்டாஃப் ரூமில் அவருக்குச் 'சாசனம்' என்று பெயர் வைத்துவிட்டோம். டீயில் சர்க்கரை கம்மி என்று யாராவது சொன்னால்கூட, "கேன்டீன்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணலாமே" என்பார். கிண்டல் செய்தால் கோபித்துக்கொள்ளவும் மாட்டார். கோபித்துக்கொள்ளாதவர்களைக் கண்டால் எனக்குப் பொதுவாகவே சந்தேகம்.

என் மகள் அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. வீட்டிலும் மைதானத்திலும் அவளுக்குச் சிட்டு என்றுதான் பெயர். ஓட்டக்காரி. நூறு மீட்டரில் அவளைப் பிடிக்க எங்கள் பள்ளியில் ஆள் இல்லை. சாசனத்தின் முதல் வகுப்பில் என்ன நடந்தது என்பதை அவள்தான் வந்து சொன்னாள். பிள்ளைகள் எழுந்து நின்று முகவுரையை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அம்மாள் கைதட்டவில்லை. "இதுல முதல் வரியிலேயே 'நாம்'னு வருதே, அது யாரு?" என்று கேட்டிருக்கிறார். வகுப்பே கப்சிப். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் மட்டும் தைரியமாக, "மந்திரிங்க மிஸ்" என்றிருக்கிறான். அன்றைக்குப் புத்தகத்தை மூடச் சொன்ன ஆசிரியை, இரண்டு வாரத்துக்கு அதைத் திறக்கவே விடவில்லையாம்.

"என்னதான் பண்ணீங்க ரெண்டு வாரமா?" என்று கேட்டேன்.

"சண்டை போட்டோம்பா. நல்லா இருந்துச்சு" என்றாள் சிட்டு.

அதோடு போயிருந்தால் நான் இரண்டு பீரியடை இழந்த கோபத்தோடு நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் உத்தரவில் இன்னொரு பகுதியும் இருந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் மன்றம் அமைக்க வேண்டும். பள்ளியைப் பற்றிய உண்மையான ஒரு விஷயத்தை அந்த மன்றம் விவாதித்து ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை நிர்வாகம் நிறைவேற்ற வேண்டும். மற்ற பள்ளிகளில் சீருடையின் காலர் என்ன நிறம், கேன்டீனில் என்ன விற்கலாம் என்று சின்ன விஷயமாகப் பார்த்துப் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். எங்கள் தாளாளர் அப்படிப்பட்டவர் இல்லை. அவருக்கு எதையும் பெரிதாகச் செய்ய வேண்டும்.

அவர் கையில் ஏற்கெனவே ஒரு திட்டம் இருந்தது. பழைய மாணவர் ஒருவர் ஏ.சி. வைத்த பெரிய ஹால் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். கட்ட இடம்? மைதானத்தில் பாதி. பெற்றோர்கள் யாராவது முணுமுணுப்பார்களே என்று தாளாளர் ஒரு வருடமாகத் தயங்கிக்கொண்டிருந்தார். உத்தரவு வந்ததும் அவருக்கு வழி பிறந்துவிட்டது. "பிள்ளைங்களே முடிவு பண்ணட்டும். அவங்க முடிவுதான் என் முடிவு" என்று கல்வி அதிகாரியிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். ஏ.சி. ஹால் வேண்டாம் என்று எந்தப் பிள்ளை சொல்லும் என்ற தைரியம் அவருக்கு.

என்னை அறைக்குக் கூப்பிட்டு அவரே சொன்னார். "உங்களுக்கும் வசதிதான் சார். கிரவுண்ட் பாதியா ஆயிட்டா வேலையும் பாதிதானே? காலையில வந்துட்டு மதியம் கிளம்பிடலாம்."

வேலை பாதி என்றால் சம்பளம் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம். என் மனைவி மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள். அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி மைதானத்தைச் சுற்றி நடந்தேன். எங்கள் மைதானம் ஒன்றும் பெரிதில்லை. பாதி போனால் ஓட்டப்பாதை போய்விடும், கால்பந்து போய்விடும். மிச்சம் இருக்கும் இடத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்று கையைத் தூக்கி இறக்கலாம். அதற்கு நான் எதற்கு? ஒலிபெருக்கியில் ஒரு கேசட் போதும்.

மன்றத்துக்கு முப்பது உறுப்பினர்களை வகுப்புவாரியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த முப்பது பேர் போக, சபையை நடத்த ஒரு சபாநாயகர், அவருக்கு ஒரு துணை. இவர்கள் இருவரும் ஓட்டுப் போடக் கூடாது. ஓட்டுகள் சமமாக வந்தால் மட்டும் அந்த நேரத்தில் நாற்காலியில் இருப்பவர் ஒரு ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம். இந்த விதிகளையெல்லாம் பிள்ளைகளே சண்டை போட்டு எழுதினார்கள். சபாநாயகராகச் சிட்டுவைத் தேர்ந்தெடுத்தார்கள். என் மகள் என்பதால் அல்ல. என் மகள் என்பதால் அவளுக்குப் போட வேண்டாம் என்றுதான் சிலர் சொன்னார்களாம்.

நான் சும்மா இருப்பேனா? ஆட்டத்துக்கு முந்தின நாள் எதிரணியில் யார் யார், எவன் இடது காலால் உதைப்பான், எவனுக்கு மூச்சு வாங்கும் என்று கணக்குப் போடுவதுதான் என் தொழில். கால்பந்து அணியின் கேப்டன் முட்டியைக் கூப்பிட்டேன். வருடத்தில் பாதி நாள் முட்டியில் கட்டோடு திரிவதால் அவனுக்கு அந்தப் பெயர். அவன் மன்றத்தில் ஓர் உறுப்பினர். இடைவேளைகளில் சுற்றிச் சுற்றி விசாரித்துக்கொண்டு வந்தான்.

"பதினாலு பேர் நிச்சயம் சார். பத்தாவது 'பி'யில ஒரு பொண்ணு மட்டும் இழுக்குறா. பேட்மின்டன் வலை கிழிஞ்சு ஆறு மாசமாச்சாம், யாரும் கண்டுக்கலையாம்."

மறுநாள் புது வலை கட்டினேன். இதை லஞ்சம் என்று சாசனம் சொல்லக்கூடும். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எப்படியும் வாங்க வேண்டிய வலைதான்.

ஆக, பதினைந்துக்குப் பதினைந்து. அதற்கு மேல் ஒருவர்கூடத் தேறவில்லை. முட்டிக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. எனக்குத் தொங்கவில்லை. சமமாக வந்தால் ஓட்டுப் போடப் போகிறவள் என் வீட்டில்தானே இருக்கிறாள்?

மன்றம் கூடும் நாள் காலையில், ஓட்டப் பயிற்சிக்குக் கிளம்ப வாசலில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து லேஸ் கட்டுவதுபோல் ஆரம்பித்தேன்.

"இன்னைக்கு ஓட்டு சமமா வந்தா என்ன பண்ணுவே?"

"ஏம்பா கேக்குறீங்க?"

"சும்மாதான். கிரவுண்ட் போனா அப்பா வேலை பாதி போயிடும். அது உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்பா."

உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "காலங்காத்தால புள்ளைய ஏன் நோண்டுறீங்க? ஓடவாவது விடுங்க."

நான் நோண்டவில்லை. தெரியும் என்று அவள் சொன்னதே எனக்குப் போதுமானதாக இருந்தது. அன்று காலை அவள் ஓடும்போது நேரம் பார்க்கவே மறந்து, விசிலை விரலில் சுற்றிக்கொண்டு சந்தோஷமாக நின்றேன்.

ஓவிய அறையில் பெஞ்சுகளை எதிரும் புதிருமாகப் போட்டிருந்தார்கள். நடுவில் மேடைபோல உயர்த்தி ஒரு நாற்காலி, பக்கத்தில் துணைக்கு ஒன்று. முன்வரிசையில் கல்வி அதிகாரி, தாளாளர், ஹால் கட்டித் தரப்போகும் பழைய மாணவர். சுவரோரம் ஆசிரியர்களும் சில பெற்றோர்களும். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். சிட்டு தலையை இழுத்து வாரிக் கட்டிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் பெருமையாகத்தான் இருந்தது. அதைச் சொல்வதில் எனக்கு என்ன வெட்கம்?

முட்டி பேசினான். வியர்த்து விறுவிறுத்து, பாதி வாக்கியங்களை முடிக்காமல் விட்டு, ஆனால் மனதிலிருந்து பேசினான். ஹாலுக்கு ஆதரவாக ஒருவன், மழை வந்தால் வராந்தாவில் பரீட்சை எழுதும்போது விடைத்தாளே நனைந்துபோகிறது என்றான். அப்புறம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். அவள் பெயரைக்கூட நான் கேட்டதில்லை.

"கிரவுண்ட் எல்லாருக்கும்னு முட்டி அண்ணா சொன்னாங்க. எங்க செக்‌ஷன்ல பாதிப் பேர் அங்க விளையாடினதே இல்ல. டீம்ல இருக்குறவங்க ஆடுவாங்க. நாங்க ஓரமா நின்னு அவங்க பையைப் பாத்துக்குவோம். ஹால் வந்தா நாங்க பாடலாம், நாடகம் போடலாம். எங்களுக்குன்னு இதுவரைக்கும் ஒரு இடமும் இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. அவள் பொய் சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். பொய் சொல்லவில்லை என்பதால் இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது.

ஓட்டெடுப்பு நடந்தது. கை தூக்கினார்கள். சாசனம் ஒரு முறை எண்ணிவிட்டு, இறக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு முறை தூக்கச் சொல்லி எண்ணினார். பதினைந்துக்குப் பதினைந்து. அறை முழுக்கச் சலசலப்பு. தாளாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இந்தக் கணக்கை அவர் போட்டிருக்கவில்லை. நான் போட்டிருந்தேன்.

சிட்டு எழுந்து நின்றாள். என் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

"ஓட்டு சமமா வந்திருக்கு. நாற்காலியில இருக்குறவங்க இப்ப ஓட்டுப் போடணும். ஆனா இந்த விஷயத்துல நான் போடக் கூடாது."

தாளாளர் கைக்குட்டையைப் பிடித்தபடியே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க அப்பாதான் இங்க பி.டி. சார். கிரவுண்ட் போனா அவர் வேலை பாதி போயிடும். அப்போ இது எங்க வீட்டு விஷயம். எங்க வீட்டு விஷயத்துக்கு நானே தீர்ப்புச் சொன்னா, நான் சரியாவே சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க. நம்பவும் கூடாது. ஒரு கிளாஸ் ஆடுற மேட்சுக்கு அந்த கிளாஸ் ஆளே ரெஃப்ரியா நிக்கக் கூடாதுன்னு பி.டி. சார்தான் எங்களுக்குச் சொல்லியிருக்கார். அதனால நான் எழுந்துக்குறேன். துணைச் சபாநாயகர் வந்து உட்காரட்டும்."

சொன்னது வாஸ்தவம். ஒரு கோல் விஷயத்தில் பையன்கள் சட்டையைக் கிழித்துக்கொண்டு என்னிடம் நியாயம் கேட்டு வந்தபோது, எரிச்சலில் கத்தினேன். என் காதைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அப்படிச் சொல்லி வைத்தேன். அதை இவள் இங்கே கொண்டுவந்து, கல்வி அதிகாரி முன்னால், என் தலையிலேயே போடுவாள் என்று நான் கண்டேனா? ஓட்டு எண்ணிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றிருந்த சாசனத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகமும் வெளுத்திருந்தது.

"இதை நான் சொல்லிக் கொடுக்கல சார்" என்று மெதுவாகச் சொன்னார்.

துணைச் சபாநாயகர் எழுந்து பெரிய நாற்காலிக்கு நகர்ந்தான். பிள்ளைகள் அவனைப் புரொபசர் என்று கூப்பிடுவார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி, எப்போதும் கையில் ஒரு புத்தகம். என் பீரியட் வந்தால் அவனுக்கு வயிற்றுவலி வரும், தலைவலி வரும், டாக்டர் சீட்டு வரும். சீட்டு இல்லாத நாட்களில் அவனை நான் ஓட விட்டிருக்கிறேன். நான்கு பேர் சிரிக்க, அழுதுகொண்டே ஓடி முடித்திருக்கிறான். என் மைதானத்தின் விதி இப்போது அவன் கையில். எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அவன் உடனே ஓட்டுப் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஆசிரியையைப் பார்த்தான்.

"மிஸ், ஒரு சந்தேகம். எனக்கு கிரவுண்ட் பிடிக்காது. அது எல்லாருக்கும் தெரியும். அதுவும் சொந்த விஷயமா? நானும் எழுந்துக்கணுமா?"

சாசனம் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார். "முடிவால உனக்கோ உன் வீட்டுக்கோ ஏதாவது லாபமோ நஷ்டமோ இருக்கா?"

"இல்ல மிஸ்."

"பிடிக்குறதும் பிடிக்காததும் எல்லாருக்கும் இருக்கும். அது இல்லாத ஆளை எங்க போய்த் தேடுறது? ரெண்டு பக்கமும் கேட்டியா?"

"கேட்டேன் மிஸ்."

"அப்போ போடு."

"ஹாலுக்கு" என்றான் புரொபசர். குரல் கீச்சென்று வந்தது. பிறகு தாளாளர் பலமாகக் கைதட்ட ஆரம்பித்தார். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் நான் பேசியதையெல்லாம் எழுதினால் என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் யாருக்கும் வராது. நீ என் பொண்ணுதானா என்று கேட்டேன். பெத்த அப்பனைவிட அந்த டீச்சர் சொல்ற சட்டம் பெருசா என்று கேட்டேன். சிட்டு சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். மருந்துக்கடையிலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிய என் மனைவிதான் குறுக்கே வந்தாள்.

"அவ உங்க பக்கம் ஓட்டுப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? பி.டி. வாத்தியார் பொண்ண வச்சு ஜெயிச்சாருன்னு ஊரெல்லாம் பேசியிருக்கும்."

"பேசட்டுமே! பேசுற வாயெல்லாம் வந்து நம்ம வீட்டுக்கு அரிசி வாங்கிப் போடுமா?"

"போடாது. அதுக்கு நான் இருக்கேன், நீங்க இருக்கீங்க. அரைச் சம்பளம்னா அரைச் சம்பளம். மதியத்துக்கு மேல வேற வேலை தேடிக்கலாம். புள்ளைய வையாதீங்க."

சிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எனக்கும் கிரவுண்ட் வேணும்பா. உங்களுக்கு வேணுங்கிறத விட அதிகமா வேணும். அடுத்த மாசம் மாவட்ட டீமுக்கு செலக்‌ஷன். இனிமே நான் எங்க ஓடுவேன்?"

சத்தியமாகச் சொல்கிறேன், அது எனக்குத் தோன்றவே இல்லை. தினமும் விடிவதற்குள் அவளை எழுப்பி ஓட வைக்கிறவன் நான். என் வேலை, என் சம்பளம், என் மைதானம் என்று கணக்குப் போட்டவனுக்கு, அந்தப் பாதையில் ஓடுகிறவள் அவள் என்பது தோன்றவில்லை.

"அவ்வளவு ஆசை இருக்குறப்போ நாற்காலியில உட்கார்ந்தா என்னால நியாயமா யோசிக்க முடியாதுப்பா. யோசிச்சுப் பாத்தேன். முடியல. அதான் எழுந்துட்டேன்" என்றாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவரை போய், எதுவும் வாங்காமல் திரும்பி வந்தேன்.

இரண்டு நாள் கழித்து மண் தோண்டும் இயந்திரம் வந்தது. தாளாளருக்கு எதிலும் தாமதம் பிடிக்காது. நான் பள்ளிக்குள் நுழைந்தபோது, அது மைதானத்தின் ஓரத்தில் உறுமிக்கொண்டு நின்றது. அதற்கு முன்னால், கோல் போஸ்டுக்கு நேராக, பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். முட்டி, அவனுடைய அணி, மைதானத்துக்கு ஓட்டுப் போட்ட மற்றவர்கள், வேடிக்கை பார்க்க வந்து கூடவே உட்கார்ந்துவிட்ட சின்னப் பிள்ளைகள். இயந்திரத்தின் டிரைவர் இறங்கி, ஓரமாக நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

முட்டி எழுந்து ஓடி வந்தான். "சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நாங்க எழுந்துக்கவே மாட்டோம். பேரன்ட்ஸ் எல்லாம் வந்துடுவாங்க. தாளாளர் பயந்துடுவாரு சார்."

"என்னன்னு சொல்லிட்டு உட்காருவீங்க?"

"புரொபசரை யாரோ மிரட்டி ஓட்டுப் போட வச்சாங்கன்னு சொல்லிடலாம் சார். அவன்கிட்ட நேத்துலேர்ந்து யாரும் பேசறதில்ல. அவன் பையைத் தூக்கி மரத்துல மாட்டிட்டோம்."

அவன் சொன்னதில் ஒன்று உண்மை. தாளாளர் பயந்துவிடுவார். அவர் எனக்குப் பல வருடமாகப் பழக்கம்; நாலு பெற்றோர்கள் பள்ளி வாசலில் வந்து நின்றால் ஹாலை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போடுவார், அடுத்த வருடம் அப்படியே மறந்தும் போவார். என் மைதானம் இருக்கும். என் வேலை இருக்கும். சிட்டு ஓடுவாள். நான் வாயைத் திறந்து சொல்லக்கூட வேண்டாம், எதுவும் சொல்லாமல் அந்தப் பக்கமாக நடந்து போய்விட்டாலே போதும். எனக்கு அப்படிச் செய்ய ஆசையாக இருந்தது. ரொம்ப ஆசையாக இருந்தது.

சிட்டு உட்கார்ந்தவர்களோடு இல்லை. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், தோளில் பையோடு தனியாக நின்றாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை அவள் கண்ணை எடுக்கவில்லை.

"மேட்ச் தோத்தா என்னடா பண்ணுவோம்?" என்று கேட்டேன்.

முட்டி தரையைப் பார்த்தான்.

"உன்னைத்தான் கேக்குறேன்."

"கை கொடுப்போம் சார்."

"எப்போ?"

"உடனே சார். ஆனா இது மேட்ச் இல்லையே சார்."

"ஆமா, இது மேட்ச் இல்ல. மேட்ச் தோத்தா அடுத்த வாரம் மறுபடி ஆடலாம். இதுல போனது போனதுதான். அதனாலதான் கை கொடுக்க இவ்வளவு கஷ்டமா இருக்கு. எனக்கும் கஷ்டமாதான் இருக்கு. யாரும் அவனை மிரட்டல. அவன் கேட்டான், யோசிச்சான், போட்டான். உங்க பக்கம் பதினஞ்சு பேர் இருந்தாங்கன்னா அந்தப் பக்கமும் பதினஞ்சு பேர் இருந்தாங்க. ஜெயிச்சா மட்டும் ஒத்துக்குவோம்னா, எதுக்குடா ஓட்டு? எழுந்திரிங்க. முதல்ல அந்தப் பையை மரத்துலேர்ந்து இறக்கு."

யாரும் சட்டென்று எழுந்துவிடவில்லை. ஒருவன் என்னை முறைத்தான். இன்னொருவன், சார் பயந்துட்டார் என்று என் காதுபடவே சொன்னான். சொல்லட்டும் என்று நின்றேன். கடைசியில் முட்டிதான் முதலில் எழுந்து, கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனான். மற்றவர்களும் மண்ணைத் தட்டிக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள். டிரைவர் பீடியை மிதித்து அணைத்துவிட்டு வண்டியில் ஏறினார்.

புரொபசர் நூலகத்தில் இருந்தான். இத்தனை பேர் என் பின்னால் வருவதைப் பார்த்ததும் எழுந்து அலமாரியோடு ஒட்டிக்கொண்டான். கையிலிருந்த புத்தகத்தை மார்புக்கு முன்னால் பிடித்துக்கொண்டான். அடிக்கத்தான் வருகிறோம் என்று நினைத்துவிட்டான், பாவம். அவனிடம் போய் நின்று கையை நீட்டினேன். அவனுக்கு அது என்னவென்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சார், நான் வந்து... எட்டாவதுல அந்தப் பொண்ணு சொன்னதுனாலதான்..."

"ஓட்டுப் போட்டவன் எங்கிட்ட காரணம் சொல்லணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. கை கொடு."

கொடுத்தான். கை ஈரமாக, ஜில்லென்று இருந்தது. முட்டி பையை மேஜைமேல் வைத்துவிட்டுக் கை கொடுத்தான். அவன் பின்னால் மற்றவர்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தார்கள், ஆனால் கொடுத்தார்கள். சத்தம் கேட்டு வந்த சாசனம் வாசலிலேயே நின்றுவிட்டார். எதுவும் பேசவில்லை. அதற்காக அவரை முதல்முறையாக எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியாகச் சிட்டு வந்தாள். புரொபசரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அதோடு போகாமல் திரும்பி என் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள்.

"எனக்கு எதுக்கு?" என்றேன்.

"அன்னைக்கு நான் உங்க பக்கம் நிக்கல இல்ல? அப்போ நமக்கும் உண்டு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே இயந்திரம் முதல் மண்ணை அள்ளிக் கொட்டும் சத்தம் கேட்டது. ஓட்டப்பாதை தொடங்கும் இடத்திலிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது. அது எங்கள் இருவருக்குமே தெரியும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கையை விடவில்லை.

"சரி, பெல் அடிச்சாச்சு. எல்லாரும் கிளாசுக்குப் போங்க" என்று அதட்டப் பார்த்தேன். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. பிள்ளைகள் எல்லோரும் அதைக் கேட்டார்கள்.